எம்.ஏ. திறந்த இசைத்தட்டுக் கடை

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த அதே வாரம் நானும் ஒரு பிரகடனம் செய்தேன்.

"சந்திரமதி! வெள்ளைக்காரனோட சேர்ந்து பழைய இசைத்தட்டும் மூட்டை கட்டுது. இனிமே நம்ம கடையில எல்லாம் எல்பிதான்!"

மெட்ராஸ் வரை போய்ப் பொருளாதாரத்தில் எம்.ஏ. வாங்கியவன் நான். ரப்பர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை இருக்கிறது, வா என்று மாமனார் வேலாயுதம் கூப்பிட்டதை உதறிவிட்டு, மலாக்காவில் காஜா பேராங் பகுதியில் வீட்டு முன்னறையிலேயே கடை போட்டவன். தீபாவளிக்குள் கடை காலூன்றி நிற்காவிட்டால் கிராணியாகவே வந்துவிடுகிறேன் என்று அவரிடம் சவால் விட்டவனும் நானேதான். வாய் சும்மா இருந்தால்தானே?

"எல்பின்னா என்னங்க?" என்றாள் என் மனைவி.

"ஒரு பக்கமே இருபது நிமிஷம் பாடும்!"

"எந்தப் பெட்டியில?"

"கரண்டில ஓடுற புதுப் பெட்டியில."

"இந்தத் தெருவில எல்லார் வீட்டிலயும் சாவி கொடுக்கிற பெட்டிதானே இருக்கு?"

"வாங்குவாங்க லா! காலம் மாறுது. உனக்குப் பொருளாதாரம் புரியாது."

"சரிங்க. பழைய தட்டு இருநூறு கிடக்கே?"

"பழைய சாமான்காரன் தலையில கட்டு!"

"சரிங்க."

ஒரே மூச்சில் இரண்டு 'சரிங்க'. உஷாராகியிருக்க வேண்டாமா? எம்.ஏ.வில் அந்தப் பாடம் வைக்கவில்லை.

ஏழு வாரம் ஓடியது. முன்வாசலில் நானும் ஒரு ஈயும். பின்வாசலில், சமையல் நடக்கும் குசினிப் பக்கம், எந்நேரமும் பெண்கள் கூட்டம். கூடையைத் துணியால் மூடிக்கொண்டு வருவார்கள், மூடிக்கொண்டே போவார்கள்.

"என்ன, பலகார வியாபாரமா?"

"உங்களுக்குத் தெரியாததா?"

"நிறைஞ்ச கூடையோட வந்து நிறைஞ்ச கூடையோடயே போறாங்களே!"

"கொண்டு வந்ததை வச்சுட்டு வேற எடுத்துட்டுப் போறாங்க."

பாவம், அவளுக்கும் பொழுது போக வேண்டாமா என்று விட்டுவிட்டேன்.

தீபாவளிக்கு முதல் நாள் காலையிலேயே மாமனார் வந்துவிட்டார். சட்டைப் பையில் வேலைக் கடிதம். நாற்காலியில் சாய்ந்து, காலிக் கடையை மேலும் கீழும் பார்த்தார்.

"போலாமா மாப்பிள்ளை?"

அவர் பைக்குள் கை விட்டார். அப்போதுதான் அடுத்த தெருப் பொன்னம்மா கூடையோடு நுழைந்தாள். தலைமுறை தலைமுறையாக மலாயே பேசும் மலாக்கா செட்டி வீட்டுப் பெண், தமிழ் வராது.

"பிரிங் லாமா அடா?" பழைய தட்டு இருக்கிறதா என்று மலாயில் கேட்டாள்.

அவள் பின்னால் பதினோரு பெண்கள்! "குசினிக் கதவை ஏன் பூட்டி வச்சிருக்கீங்க?" என்று ஒருத்தி அதட்டினாள். கூடைத் துணிகள் விலகின. அடக் கடவுளே! எல்லாம் நான் தள்ளச் சொன்ன மாதிரிப் பழைய இசைத்தட்டுகள்!

சந்திரமதி பெரிய டிரங்குப் பெட்டியை இழுத்து வந்து வைத்தாள். "ஒண்ணு கொடுத்து ஒண்ணு எடுத்துக்கலாம். மேல இருபது காசு." கடை திமிலோகப்பட்டது. மாமனாருக்கு நிற்கக்கூட இடமில்லை.

"பழசுக்குப் பழசு! சரக்கே தீராது போலிருக்கே! இதுதான்யா எம்.ஏ. மூளை!" என்று என் முதுகில் தட்டிவிட்டு, கடிதத்தோடு புறப்பட்டார்.

நான் என் மனைவியைப் பார்த்தேன். குசினிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"சந்திரா, என் மானத்தைக் காப்பாத்திட்டே. சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். என்ன வேணும், கேள்!"

"முன்னறைதாங்க. உங்க எல்பி எல்லாத்தையும் குசினிக்குக் கொண்டு போங்க. போற கையோட உலையில அரிசியைப் போட்டுடுங்க."