தாசில்தார் தூங்கும் நேரம்

கொடைக்கானலில் ஒரு சென்ட் நிலம்கூடச் சொந்தமாக இல்லாமல், நாயுடுபுரம் முழுவதையும் அளந்து பிரித்துப் பூனைகளின் பெயரில் பட்டா போட்டுக் கொடுத்தவர் உலகத்திலேயே ஒருத்தர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் லாட்ஜில், எனக்கு அடுத்த அறையில், குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு குடியிருந்தார்.

அவருடைய பெயரை என்னிடம் கேட்காதீர்கள். ஏதோ ஒன்று இருந்திருக்கும். சர்வே இலாகாவில் காலமெல்லாம் நிலம் அளந்துவிட்டு ஓய்வு பெற்றவர். ஏலத்தில் போன ஒரு பழைய அளவுச் சங்கிலியை எடுத்து வைத்துக்கொண்டு, எங்கே போனாலும் அதைத் தோள்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போவார். அவர் வருவதற்கு முன்னால் அந்தச் சத்தம் வரும். அதனால் ஊருக்கே அவர் சங்கிலி சார்.

எண்பதுகளின் தொடக்கத்தில், மதுரை வெயிலில் நிம்மதியாக வெந்துகொண்டிருந்த என்னை எங்கள் ஆபீஸ் கொடைக்கானலுக்குத் தூக்கி அடித்தது. சீசனுக்கு வந்துபோகிறவர்களுக்குத்தான் கொடைக்கானல் குளுகுளு. சம்பளத்துக்கு இருக்கிறவனுக்கு அது வெறும் குளிர். அருளப்பன் அண்ணன் நடத்திய லாட்ஜில் அறை எடுத்தேன். அவர் மனைவி ரெஜினா அக்கா கீழே மெஸ் நடத்தினார். வாசலில் ஒரு மரப் பெஞ்ச் கிடந்தது. லாட்ஜிலேயே வெயில் விழுகிற ஒரே இடம் அதுதான். வந்த மறுநாள் காலையில், பல் கிடுகிடுக்க அதில் போய் உட்கார்ந்தேன். பின்னாலிருந்து சங்கிலிச் சத்தம் கேட்டது.

“தம்பி, எந்திரிங்க. இது என் நேரம்.”

“எடம் நிறையக் கெடக்கே சார். ரெண்டு பேரும் உட்காரலாமே?”

“எடம் கெடக்குதுங்க, யாரு இல்லைன்னா? நேரந்தான் கெடையாது. வெள்ளனே விழுகிற வெயில் எனக்கு. மத்தியான வெயில் தாசில்தாருக்கு. சாயங்காலம் மட்டும் புறம்போக்காக் கெடக்கு. வேணும்னா நீங்க எடுத்துக்கங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாசில்தார் அளவுக்குப் பெரிய மனிதர் மத்தியானம் இந்த லாட்ஜ் பெஞ்சில் வந்து ஏன் உட்கார வேண்டும்? சாப்பாட்டுக்கு வந்தபோது சட்டைப் பொத்தானை எல்லாம் சரிபார்த்துக்கொண்டுதான் வாசலில் ஏறினேன். பெஞ்சில் ஒரு பழைய சாக்கு விரித்திருந்தது. அதன்மேல் சாம்பல் நிறத்தில் வரி வரியாக ஒரு பூனை, நாலு காலையும் நாலு திசைக்கு நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது.

சங்கிலி சாருக்கு இந்தப் பித்துப் பிடித்தது பக்கத்து மலைக்கிராமமான பள்ளங்கியில். அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒரு வரப்புக்காக அடித்துக்கொண்டதில் அளந்து கொடுக்கப் போயிருக்கிறார். அளந்து முடிப்பதற்குள் மண்வெட்டியை ஓங்கிவிட்டார்கள். அதே நேரத்தில் பக்கத்து மதில்மேல் இரண்டு பூனைகள் எதிரும் புதிருமாக வந்து நின்றன. ஒன்று உட்கார்ந்து, எனக்கென்ன என்று வேறு பக்கம் பார்த்தது. மற்றது நிதானமாகக் கடந்து போனது. அது போன பிறகு உட்கார்ந்திருந்தது எழுந்து அதே மதிலில் தன் வழியே போனது.

“அன்னைக்கே சர்வே மேல இருந்த நம்பிக்கை எனக்குப் போயிருச்சு தம்பி. மனுசன் எடத்தைப் பங்கு போடுறான். பூனை நேரத்தைப் பங்கு போடுது. இதைப் போய்க் கல்லு நட்டு அளக்க முடியுமா?”

முடியாது என்று தெரிந்தும் அளந்தார். மதில்களில் கோதுமை மாவைத் தூவிக் கால்தடம் பார்த்தார். பூனையின் கழுத்தில் நூல் கட்டிவிட்டால் சுலபமாக அடையாளம் தெரியுமே என்று நான் யோசனை சொன்னேன். “ஒங்க கழுத்துல கட்டி விட்டா ஆபீசுக்கு ஒழுங்காப் போவீங்களா?” என்று கேட்டார். அத்தோடு யோசனை சொல்வதை விட்டேன். இரண்டு பூனைகள் முறைத்துக்கொண்டு நின்றால் அவர் தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்திவிடுவார். “பேச்சுவார்த்தை நடக்குதுங்க, சத்தம் போடாம அந்தப் பக்கமாப் போங்க” என்பார். மழையில் குடை பிடித்துக்கொண்டு நின்று பார்த்த நாளும் உண்டு. குடை பூனைக்கு.

வீடு வீடாகப் போய், உங்கள் பூனை எங்கே தூங்குகிறது, எந்தப் பக்கமாக வெளியே போகிறது என்று விசாரிப்பார். ரேஷன் கார்டுக்குக் கணக்கெடுக்க வந்த ஆள் என்று நினைத்து, ஒற்றைப் பூனை வைத்திருந்த அம்மா ஒருவர், “ஒம்போது இருக்கு சார், எல்லாத்துக்கும் சீனி போட்டு எழுதிக்கங்க” என்றார். மற்ற எட்டும் எங்கே என்று தேடி அந்த வீட்டுக் கூரையில் ஏறிய மனிதர் அவர்.

பெரிய வம்பு கண்ணால் வந்தது. ஒரு பூனை நம்மைப் பார்த்துக் கண்ணை மெதுவாக மூடித் திறந்தால், உன்னிடம் எனக்குப் பயமில்லை என்று அர்த்தமாம். நாமும் அப்படியே மூடித் திறந்து பதில் சொல்ல வேண்டுமாம். இதைப் பூனைகளிடம் சோதித்து வெற்றி கண்டவர், மனிதர்களுக்கும் பலிக்குமா என்று பார்க்க ஆசைப்பட்டார். ஆசைப்பட்டவர் என்னிடம் பார்த்திருக்கலாம். சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த ரெஜினா அக்காவைப் பார்த்து மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தார்.

“ஏங்க! இங்க கொஞ்சம் வெரசா வாங்க! சாருக்குக் கண்ணுல என்னமோ வந்துருக்கு!”

அருளப்பன் அண்ணன் கரண்டியோடு வந்தார். விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் சோறு ஆறிவிட்டது. அண்ணன் நல்ல மனிதர், அதனால் கரண்டி ஆயுதமாகாமல், வெறும் கரண்டியாகவே திரும்பிப் போனது.

ஊர்ப் பூனைகளுக்கெல்லாம் அவர் உத்தியோகம் கொடுத்திருந்தார். கறிக்கடைப் பூனை தலையாரி, பள்ளிக்கூடத்துப் பூனை கணக்கர். எங்கள் பெஞ்சுக்காரருக்குத் தாசில்தார் பதவி கிடைத்ததற்குக் காரணம், யார் எத்தனை தடவை கூப்பிட்டாலும் காதில் போட்டுக்கொள்ளாததுதான் என்றார்.

ஒரு நாள் பள்ளங்கியிலிருந்து பெரியவர் ஒருவர் மலைப்பூண்டுக் கட்டோடு லாட்ஜுக்கு வந்து நின்றார். நில விஷயமாக மனு கொடுக்க வேண்டும், தாசில்தார் மத்தியானம் இங்கேதான் ஓய்வெடுக்கிறார் என்று யாரோ புண்ணியவான் சொல்லி அனுப்பியிருக்கிறான்.

“தாசில்தார் எந்திரிச்சுட்டாருங்களா?”

“இப்பத்தான் எந்திரிச்சாரு. கையை நக்கிக்கிட்டு இருக்காரு” என்றார் சங்கிலி சார், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

பெரியவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பெஞ்ச் வரைக்கும் போய், பூண்டுக் கட்டோடு அப்படியே நின்றார். தாசில்தார் பூண்டை முகர்ந்து ஒரு தும்மல் போட்டுவிட்டு இறங்கிப் போனார். அப்புறம் அந்தப் பெரியவரை உட்காரவைத்து, சாப்பாடு போடச் சொல்லி, அவருடைய மனுவைச் சங்கிலி சாரே அழகாக எழுதிக் கொடுத்தார். பூண்டு மெஸ்ஸுக்குப் போனது.

இத்தனை ஆராய்ச்சி செய்த மனிதர் ஒன்றை மட்டும் கவனிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கிளம்பிய ரெஜினா அக்கா அலமாரியைத் திறந்து போட்ட சத்தம் லாட்ஜ் முழுக்கக் கேட்டது.

“சார்! ஒங்க தாசில்தாரு எம் பட்டுச் சேலையில புள்ள பெத்து வச்சுருக்காரு!”

சங்கிலி சார் ஓடிப்போய்ப் பார்த்தார். மூன்று குட்டிகள். குல்லாயைக் கழற்றிக்கொண்டு, “மன்னிச்சுக்கங்கம்மா” என்றார். அதைப் பூனையிடம் சொன்னார். அக்காவிடம் திரும்பிச் சட்டம் பேசினார்.

“குட்டி நடக்குற வரைக்கும் அவங்களைக் காலி பண்ணச் சொல்லக் கூடாது. இத்தனை நாளா இங்க யாரும் ஆட்சேபணை சொல்லாம இருந்துட்டாங்க. அனுபோக பாத்தியம் வந்துருச்சு.”

“அப்ப நான் எதைக் கட்டிக்கிட்டுக் கோயிலுக்குப் போக? ஒங்க சங்கிலியவா?”

அக்கா கத்தினாரே தவிர, குட்டிகள் நடக்கும் வரையில் அந்த அலமாரியை மூடவில்லை. ஆனால் சீசன் நெருங்கியது. அறைக்கு அறை பூனைக்குட்டி ஓடினால் வருகிறவர்கள் தங்குவார்களா என்று அருளப்பன் அண்ணனுக்குக் கவலை. வடகவுஞ்சியில் அக்காவின் தம்பி சூசை மூட்டை அடுக்கி வைக்கும் கிட்டங்கியில் எலி மூட்டை மூட்டையாகக் கடித்துக்கொண்டிருந்தது. சங்கிலி சார் பள்ளங்கிக்குப் போயிருந்த ஒரு நாளில் தாயும் குட்டிகளும் கூடையில் ஏறி வடகவுஞ்சி போய்விட்டார்கள்.

திரும்பி வந்தவர் சண்டை போடவில்லை. “சாக்குல கட்டியா, கூடையிலயா?” என்று மட்டும் கேட்டார்.

“கூடைதான் சார். புதுத்துணி விரிச்சு, பதனமாத்தான் குடுத்தோம்” என்றார் அண்ணன்.

“புதுத்துணியா? அவ வாசம் அடிக்கிற பழைய சாக்கை இல்ல விரிச்சிருக்கணும். போற எடத்துல நம்ம வாசம் கொஞ்சம் இருந்தாத்தான அது பயப்படாம இருக்கும்.”

அன்றிலிருந்து மத்தியான வெயில் பெஞ்சில் சும்மா விழுந்தது. அதில் உட்காரப் போன ஒரு தேனிலவு ஜோடியை, “இது தாசில்தார் நேரம்” என்று எழுப்பிவிட்டார். பயந்துபோய் அவர்கள் அன்றைக்கே அறையைக் காலி செய்தார்கள். அவர் சரியாகச் சாப்பிடவும் இல்லை. ரெஜினா அக்காவே என்னிடம் வந்து, “ஒரு எட்டு கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டு வாங்க தம்பி. வேணும்னா அவரு திருப்பிக் கொண்டாந்துக்கிறட்டும், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்” என்றார். அடுத்த ஞாயிறு இருவரும் பஸ் ஏறினோம். அவர் மடியில் அந்தப் பழைய சாக்கு இருந்தது.

“அவளா வந்து இந்தச் சாக்குல உட்கார்ந்தா கூட்டியாருவேன். வரலைன்னா விட்டுட்டு வந்துருவேன்” என்றார் பாதி வழியில். வரட்டும் என்று நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். பூனைக்காக நான் சாமி கும்பிட்டது அது ஒரு தடவைதான்.

கிட்டங்கி வாசலில் சாக்கை விரித்து, பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கூப்பிடவில்லை. உள்ளே மூட்டைகளின் மேல் குட்டிகள் உருண்டுகொண்டிருந்தன. தாசில்தாரம்மா இறங்கி வந்து கதவு நிலையில் கன்னத்தைத் தேய்த்தாள். மூட்டை முனையில் தேய்த்தாள். சூசையின் காலில் தேய்த்தாள்.

“பாத்தீங்களா, கன்னத்தைத் தேச்சுத் தன் வாசத்தைப் பூசி எல்லைக்கல் நட்டுட்டா” என்றார் மெதுவாக.

அப்போதுதான் அவள் அவரைப் பார்த்தாள். சங்கிலி சார் கண்ணை மெதுவாக மூடித் திறந்தார். அவளும் மூடித் திறந்தாள். பக்கத்தில் வந்து சாக்கை முகர்ந்தாள். ஒரு காலை அதன்மேல் வைத்தாள். பிறகு சாக்கைத் தாண்டி, அவருடைய முழங்காலில் கன்னத்தை நன்றாக ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டு, குட்டிகளிடம் ஏறிப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

“தூக்கிட்டுப் போங்க சார், ஒங்க பூனைதான” என்றார் சூசை.

“வேண்டாங்க. இது அவ எடமாயிருச்சு. அளக்கிறவன் எல்லையை மாத்தக் கூடாது. இந்தச் சாக்கு மட்டும் இங்கயே கெடக்கட்டும்.”

திரும்பி வரும் பஸ்ஸில், பெருமாள்மலை தாண்டியதும் கேட்டார்.

“முட்டியில தேச்சா. கவனிச்சீங்களா தம்பி?”

“கவனிச்சேன் சார்.”

“அப்ப நானும் அந்த எல்லைக்குள்ளதான் வர்றேன்.” சொல்லிவிட்டுக் குல்லாயை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு அழுதார். ஊரார் நிலத்தையெல்லாம் அளந்தவரை அதுவரை யாரும் எதற்குள்ளும் சேர்த்ததில்லை.

சில குளிர்காலங்களுக்குப் பிறகு இருமல் தாங்காமல் திண்டுக்கல்லில் தங்கை வீட்டுக்குப் போனார். அங்கே வெயிலுக்குப் பஞ்சமில்லை. அங்கேயே காலமானார். நான் இங்கேயே கல்யாணம் செய்து, இந்தக் குளிரைத் திட்டிக்கொண்டே நாயுடுபுரத்தில் வீடும் கட்டிக்கொண்டேன். லாட்ஜை இடித்தபோது அருளப்பன் அண்ணன் விறகுக்குப் போடவிருந்த பெஞ்சைக் கேட்டு வாங்கி வந்து என் வாசலில் போட்டிருக்கிறேன். மத்தியானத்தில் எந்த வீட்டுப் பூனையோ வந்து அதில் தூங்குகிறது. சாயங்காலம் நான்.

காலையில் அதில் நல்ல வெயில் விழும். “உள்ள உட்கார்ந்து ஏன் நடுங்குறீங்க, வெயில்ல போய் உட்காரலாமில்ல?” என்று என் மனைவி இன்றைக்கும் கேட்டாள். அது சங்கிலி சாருடைய நேரம் என்று சொன்னேன்.