கட்டம் சார் திருத்திய மனு

செப்டம்பர் மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் நான்கு மணி பத்து நிமிடம். வானம் மூடியிருந்தது, வருவதாகப் பாவனை காட்டிய மழை வரவில்லை. ஒன்பதாம் வகுப்பின் மொழி ஆசிரியர் ஆளில்லாத வகுப்பறையில் அமர்ந்து, தாம் மூன்றாண்டு மன்றாடிப் பெற்ற வாசிப்பு நேரத்தை ஒழித்துவிடுமாறு கோரும் மனுவில், சிவப்பு மையால் ஒற்றுப் பிழைகளைத் திருத்திக்கொண்டிருந்தார்.

அது மனு என்பது அவருக்கு அப்போது தெரியாது. கைக்கு வந்த தாளை முதலில் திருத்துவார், பிறகுதான் படிப்பார். மனைவி எழுதிக் கொடுத்த மளிகைப் பட்டியலைத் திருத்தி முடித்து, அதை மேசையிலேயே விட்டுவிட்டுக் கடைக்குப் போனவர் அவர்.

“மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அம்மா, எங்கள் வாசிப்பு நேரம் ரொம்ப போர். நிறுத்தி விடவும். இப்படிக்கு, ஒன்பதாம் வகுப்பு.”

அடியில் அவரே எழுதியிருந்தார்: ‘போர் என்பது காரணமன்று, கூச்சல். என்ன நடக்கிறது என்பதைச் சொல்.’ மையை ஊதி உலர்த்தியபோதுதான் பொருள் உறைத்தது.

தாளைத் திருப்பினார். மறுபக்கம், அவரே அச்சடித்த வாசிப்பு அட்டை, பதினொரு கட்டங்கள். வெற்று அட்டையின் முதுகில் எழுதிய மனு, நிரப்பிய அட்டைகளோடு தவறுதலாகக் கலந்து, வாசலில் இருக்கும் கம்பிக் கூடைக்குள் விழுந்திருக்கிறது.

ஜூன் மாதத்தில் அட்டையே கிடையாது. கடைசி மணி அடித்தால் முப்பத்திரண்டு பேரும் புத்தக அலமாரியை மொய்த்தார்கள். அந்த ஆர்வம் வீணாகிவிடக் கூடாதே என்று, படித்த நூலின் பெயரை எழுத ஒரு கட்டம் வரைந்தார். ஒரு பெண் கதையின் முடிவைப் பற்றிச் சண்டை போட்டாள்; முடிவுக்கு ஒரு கட்டம். ஒருவன் படித்துவிட்டுச் சிரித்தான். நகைச்சுவைக்கு ஒரு கட்டம். ஆர்வம் தலைகாட்டிய இடத்திலெல்லாம் அவர் ஒரு கட்டம் வரைந்தார். ஆகஸ்டில் கட்டங்கள் பதினொன்றாயின. அலமாரியருகே கூட்டம் இல்லை. மாணவர்கள் அவருக்குக் ‘கட்டம் சார்’ என்று பெயர் சூட்டியிருந்தது அவருக்குத் தெரியும். அதன் இடையில் ஒற்றுப் போடாமல் சரியாக எழுதினார்கள் என்பதில் மட்டும் அவருக்குத் திருப்தி.

வீட்டில் மனைவி தையல் இயந்திரத்தில் யாருடைய சட்டைக்கோ கழுத்து தைத்துக்கொண்டிருந்தாள்.

“கிழிச்சுப் போட்டுடுங்க. பார்க்கவே இல்லைன்னு இருந்துடுங்க” என்றாள்.

“திருத்தின தாளைத் திருப்பிக் கொடுக்காம இருந்ததே இல்லை.”

“உங்க கழுத்துக்கு நீங்களே அளவெடுத்துக் கொடுக்கறீங்க.”

“காரணம் கேட்டு எழுதியிருக்கேன். காரணம் யோசிக்கணும்னாலே விட்டுடுவாங்க. அந்தப் பசங்களை எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சவர் எதுக்குப் பதினொரு கட்டம் போட்டீங்க?” என்று கேட்டுவிட்டு அவள் மிதியை அழுத்தினாள். இயந்திரத்தின் சத்தத்தில் பதில் சொல்ல முடியாது என்பது இருவருக்கும் வசதியாக இருந்தது.

புதன்கிழமை காலை மனு மற்ற அட்டைகளோடு அட்டையாகத் திரும்பிப் போனது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. மாலையில் கூடையில் இரண்டாம் வரைவு கிடந்தது. ஒன்றரைப் பக்கம்! அந்த வகுப்பு இதுவரை அவருக்கு ஒன்றரைப் பக்கம் எழுதியதில்லை. ‘ஒரு புத்தகம் படிக்க ஆசையாக இருக்கிறது. பிறகு அட்டை ஞாபகம் வருகிறது. உடனே சின்னப் புத்தகமாகத் தேடுகிறோம்.’

அவர் பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தார். இவர்களை மடக்க வேண்டும். ‘சான்று எங்கே?’ என்று எழுதினார்.

சான்று கிடைக்காது என்று அவர் நம்பியது, நூலகப் பதிவேட்டை மறந்த நம்பிக்கை. வெள்ளிக்கிழமை வந்த மூன்றாம் வரைவில் ஜூனில் எடுத்த புத்தகங்கள் அறுபத்தொன்று, ஜூலையில் முப்பத்தெட்டு, ஆகஸ்டில் ஒன்பது என்றிருந்தது. அந்த ஒன்பதும் மெலிந்த புத்தகங்கள் என்ற அடிக்குறிப்பும் இருந்தது. கூட்டலைச் சரிபார்த்தார். சரியாக இருந்தது. தாம் தோற்றுக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது. கூடவே, வெட்கக்கேடாக, மகிழ்ச்சியாகவும் இருந்தது.

வாசிப்பு நேரத்தில் இப்போது ஒருவரும் வாசிக்கவில்லை. வகுப்பில் எல்லாரும் ‘வக்கீல்’ என்றழைக்கும் பெண்ணைச் சுற்றி நாற்காலிகள் கூடியிருந்தன. அகராதிக்கு அடிதடி நடந்தது.

“‘வேண்டுகிறோம்’னு போடாதடி, பிச்சை எடுக்கற மாதிரி இருக்கு.”

“பின்ன, ‘கோருகிறோம்’? அது மிரட்டற மாதிரி இருக்கு.”

“மிரட்டினா என்ன? போடு.”

“நீ சும்மா இரு. காலையில ஒரு கமா போடச் சொன்னதுக்கு அழுத ஆளு நீ.”

ஆசிரியர் ஜன்னலோரம் நின்று, கேட்காதவர்போல் ஒவ்வொரு சொல்லையும் கேட்டார். கணக்கு டீச்சர் எட்டிப்பார்த்து, “என்ன சார், சந்தைக் கடையா? இந்த நேரத்தை எனக்குக் கொடுத்தா ரெண்டு பாடம் முடிச்சுடுவேன்” என்றார். வகுப்பு சட்டென்று அடங்கியது. எதிரி அறைக்குள் வந்துவிட்டதுபோல் வக்கீல் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

கடைசி முயற்சியாக மூன்றாம் வரைவின் அடியில் அவர் எழுதினார்: ‘எதிர்த்தரப்புக்கும் நியாயம் இருக்கும். அதைக் கூறாத மனு பாதி மனு.’ இதற்கு அவர்களால் நிச்சயம் பதில் எழுத முடியாது.

திங்கட்கிழமை எழுதியிருந்தார்கள்.

‘எங்கள் ஆசிரியர் நல்லவர். அலமாரியிலிருந்து புத்தகம் எடுத்துக் கொடுக்கும்போது அவர் முகம் வேறு மாதிரி இருக்கும். தானே அதை இன்னொரு முறை முதல் தடவையாகப் படிக்கப் போவது போல. அட்டையைக் கொடுக்கும்போது அந்த முகம் இருக்காது. எங்களை நம்பாததால் அல்ல அவர் அட்டை தருவது. நாங்கள் படித்ததை இழந்துவிடுவோமோ என்ற பயத்தால் தருகிறார் என்று நினைக்கிறோம்.’

அந்தப் பத்தியை அவர் மூன்று முறை படித்தார். இரண்டிடத்தில் ஒற்று விடுபட்டிருந்தது. பேனா மூடியைக் கழற்றவில்லை. நெடுநேரம் கழித்து, பக்கத்தின் அடியில் மட்டும் எழுதினார்: ‘இவ்வளவும் சரி. முடிவாக உங்களுக்கு என்ன வேண்டும்? ஒரே வாக்கியம்.’

மறுநாள் வக்கீல் மேசையருகே வந்து நின்றாள்.

“சார், பொதுவா ஒரு சந்தேகம்.”

“பொதுவாவே கேள்.”

“ஒருத்தர் ஒண்ணு வேணும்னு எழுத ஆரம்பிக்கறாங்க. எழுத எழுத, அது வேணாம், வேற ஒண்ணு வேணும்னு தோணுது. அப்போ முதல்ல எழுதினது பொய்யா சார்?”

“பொய்யில்லை. வரைவு.”

“அந்த வரைவை அவசரப்பட்டு யார்கிட்டயாவது கொடுத்திருந்தா?”

“ஏம்மா, வரைவை யாராவது கொடுப்பாங்களா?” என்றார் அவர். வக்கீலின் முகம் வெளிறியதை, அடுத்த தாளைத் திருத்தத் தொடங்கியிருந்ததால், அவர் கவனிக்கவில்லை.

புதன்கிழமை வந்த ஐந்தாம் வரைவின் கடைசி வாக்கியம்: ‘வாசிப்பு நேரம் இருக்கட்டும், கட்டங்கள் போகட்டும்.’ பேனாவைத் திறந்து, வாக்கியத்தின்மேல் பிடித்து, மூடினார். திருத்த ஒன்றுமில்லை. ‘அனுப்பலாம்’ என்று ஓரத்தில் எழுதினார். கட்டமில்லாத வாசிப்பைத் தலைமையாசிரியை ஒப்புக்கொள்ள மாட்டார். பதிவில்லாத நேரத்தைக் கணக்குக்குத்தான் கொடுப்பார். இருந்தும் ஒரு நல்ல மனுவைத் தடுத்து நிறுத்த அவருக்கு இலக்கணம் இடம் கொடுக்கவில்லை.

அன்றிரவு மனைவி கேட்டாள்: “அந்த நேரம் போயிடுச்சுன்னா?”

“போகட்டும். இதைவிட நல்லா எழுத என்னால கத்துக்கொடுக்க முடியாது.”

“கத்துக்கொடுத்தீங்களா? கேள்விதானே கேட்டீங்க.”

செப்டம்பர் பதின்மூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை, கடைசி மணிக்குச் சற்று முன், பள்ளி முழுவதற்கும் அக்காவான அலுவலக உதவியாளர் ஒரு பழுப்பு உறையோடு வாசலில் வந்து நின்றார். வகுப்பு மூச்சுவிட மறந்தது.

“தலைமையம்மா கொடுக்கச் சொன்னாங்க சார்.”

உள்ளே ஒரே தாள். தட்டச்சில் இரண்டு வரி: வாசிப்பு நேரம் உடனடியாக நிறுத்தப்படுகிறது, அந்நேரம் கணிதத்திற்கு ஒதுக்கப்படுகிறது. கீழே கையெழுத்து. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். அப்போதுதான் அந்த இரு வரிகளின் குறுக்கே ஒரு கோடு ஓடுவது தெரிந்தது. அதன் கீழே தலைமையாசிரியையின் கையால்: ‘மேற்கண்டது ரத்து. வாசிப்பு நேரம் தொடரும். வாசிப்பு அட்டை இன்றுமுதல் நிறுத்தப்படுகிறது.’ அதற்குக் கீழே இன்னொரு கையெழுத்து, இன்றைய தேதியுடன்.

அவர் தாளை மேலிருந்து கீழாக மீண்டும் ஒருமுறை பார்த்தார். வழக்கம்போல் கை தானாகவே சிவப்புப் பேனாவைத் தேடியது.

“அக்கா, மேல இருக்கற உத்தரவுல செப்டம்பர் மூணுன்னு தேதி விழுந்திருக்கே. தப்பு. பசங்க மனுவைக் கொடுத்ததே நேத்துதானே?”

“தப்பில்ல சார். அவங்க மொத மனுவை நல்ல தாள்ல எழுதிக் கொடுத்த அன்னிக்கே அம்மா கையெழுத்துப் போட்டுட்டாங்க. ‘நாங்க இன்னும் எழுதி முடிக்கல, சார்கிட்ட கொடுத்துடாதீங்க அக்கா’ன்னு உங்க பசங்கதான் தினமும் வந்து என் மேசை டிராயரைப் பூட்ட வச்சாங்க.”