ஒரு அலறலும் ஐம்பதாயிரம் பார்வையும்

வருஷம் முடிவதற்குள் பிரபலமாகிவிடுவது என்று முடிவெடுத்தேன். சின்ன முடிவுகள் எனக்குப் பிடிப்பதில்லை.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். ஊருக்கே பார்வையைச் சரிசெய்து கொடுப்பவன். ஆனால் நான் போடும் வீடியோக்களுக்கு மட்டும் பார்வையே கிடையாது. பார்த்தவர்கள் எல்லாரையும் ஒரே காரில் ஏற்றிவிடலாம். அதிலும் பாதி இடம் எனக்கு.

அப்போதுதான் 'மனைவியை அலறவிடு' என்றொரு சவால் எல்லார் ஃபோனிலும் ஓடிக்கொண்டிருந்தது. என் மனைவியை அலறவிடுவது லேசான காரியமில்லை. அவள் கார் ஓட்டக் கற்றுத்தருபவள். பிரேக் எது, ஆக்சிலேட்டர் எது என்று தெரியாதவர்கள் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து, "பரவாயில்லை, எதிர்ல வர்றது லாரிதான், மெதுவா ஒதுங்குங்க" என்று சொல்கிறவள். ரப்பர் பல்லியை வைத்தேன். எடுத்துத் தூசி தட்டி ஷோகேஸில் வைத்தாள். கதவுக்குப் பின்னாலிருந்து குதித்தேன். "கால் பிசகலையே?" என்று விசாரித்தாள்.

ஒரு மாலை, வேலை முடிந்து வந்தவள் சோபாவிலேயே தூங்கிவிட்டாள். ஃபோனை அலமாரியில் சாய்த்துவைத்தேன். இரண்டு ஐஸ்கட்டிகளை அவள் பின்கழுத்தில் நழுவவிட்டேன்.

"ஐயோ! பிரேக்! பிரேக்!"

இல்லாத பிரேக்கை அவள் ஓங்கி மிதித்ததில் டீப்பாய் குப்புற விழுந்தது. காவியம்! அவள் முகம் கழுவி வருவதற்குள் வீடியோவைப் போட்டுவிட்டேன். விடிவதற்குள் ஐம்பதாயிரம் பார்வை. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு கடைக்குப் போனேன்.

அன்று மாலை வந்தவள் கைப்பையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"ஏங்க, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா எப்படிம்மா அலறுவே?"

"சரி, போடறதுக்கு முன்னாடியாவது?"

"அம்பதாயிரம் பேர் பாத்திருக்காங்க! நீ இப்ப ஸ்டார்!"

"இன்னிக்கு நிஜமாவே பிரேக்னு கத்தினேன். ஓட்டிக்கிட்டிருந்த பொண்ணு வீடியோவை நெனச்சு விழுந்து விழுந்து சிரிச்சா. வண்டி மதில்ல போய் நின்னுச்சு."

நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. ஆனால் வண்டி ஓட்டக் கற்க வந்தவர்கள் இவளையே ஓட்ட ஆரம்பித்திருந்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அதற்காக ஐம்பதாயிரத்தை அழிக்கக் கை வருமா?

"ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"நாளைக்குக் கடை லீவுதானே? நான் உங்களை வச்சு ஒரு வீடியோ எடுக்கலாமா? ஹால்ல ஃபோனை வச்சிடுவேன். சம்மதமா? வேண்டாம்னா விட்டுடறேன்."

"தாராளமா எடு! என்னை ஏமாத்த இனிமேதான் ஒருத்தி பொறந்து வரணும்."

மறுநாள் நான் காட்டிய எச்சரிக்கையை ஒரு ராணுவம்கூடக் காட்டியிருக்காது. காபியை மோந்து பார்த்துவிட்டுப் பூந்தொட்டியில் ஊற்றினேன். நாற்காலியைத் துடைப்பத்தால் தட்டிவிட்டு உட்கார்ந்தேன். குளிக்கக் குடையோடு போனேன். அவள் இரண்டு வாய் சாப்பிட்டு உயிரோடு இருப்பதைப் பார்த்த பிறகே என் தட்டைத் தொட்டேன். அவள் தும்மினாள், நான் குக்கரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மேசைக்கடியில் புகுந்தேன்.

பொழுது சாய்ந்தது. என்னால் தாங்க முடியவில்லை.

"எப்பதான் ஆரம்பிப்பே?"

"முடிஞ்சே போச்சுங்க. நான்தான் ஒண்ணுமே பண்ணலையே. எல்லாம் நீங்களா பண்ணினது."

ஃபோனை நீட்டினாள். குடை, துடைப்பம், குக்கர் எல்லாம் இருந்தது. நடுவில் நான்.

"போடவா?"

"ஐயோ, வேண்டாம்மா! அப்புறம் என்னை நம்பி எவன் கண்ணைக் காட்டுவான்?"

"சரிங்க."

என் கண்ணெதிரிலேயே அழித்தாள். "வேண்டாம்னீங்க, அழிச்சிட்டேன். அவ்வளவுதாங்க விஷயம்."

ஒரு அதட்டல் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஐம்பதாயிரத்தையும் அழித்தேன். அவளைக் கேட்டுக்கொண்டு, 'கேட்காமல் போட்டது என் தப்பு' என்று கேமராவைப் பார்த்துச் சொல்லி ஒரு வீடியோ போட்டேன். பார்த்தவர்கள் மறுபடியும் ஒரு கார் அளவுதான். ஆனால் அதில் ஒருத்தி, மதிலில் மோதிய அந்தப் பெண். மறுநாள் இவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பிரேக் என்றதும் பிரேக்கை மிதித்தாளாம்.

இப்படியொரு பெண்டாட்டி இந்தத் தெருவிலேயே எவனுக்கும் இல்லை. அந்தப் பெருமையில்தான் உட்கார்ந்து இதை எழுதினேன். இந்தத் தடவை கேட்காமல் செய்வேனா?

"உன் சாமர்த்தியத்தை ஊருக்கே சொல்லியிருக்கேன். பத்திரிகைக்கு அனுப்பலாமா?"

கடைசி வரி வரைக்கும் படித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"எனக்குப் பூரண சம்மதங்க. நீங்க கெஞ்சினீங்களேன்னு நான் அழிச்சதை, நீங்களே குக்கரோட ஊருக்குக் காட்டறீங்க. நான் எதுக்குக் குறுக்கே நிக்கணும்?"