பதினெட்டுப் படிகளுக்குக் கீழே

வடக்கு எல்லைக் காவல் முகாமில் பணிபுரியும் அன்புத் தம்பி தோக்யொமுக்கு அக்கா பொமி எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் குழந்தை நாரேயும் உடம்பளவில் சௌக்கியம். தேகுவில், நம் வீட்டில், அப்பாவின் முட்டிவலி தேவலை. அம்மா உன் பெயரைச் சொல்லாமல் சாப்பிட உட்காருவதில்லை. நீயும் உன்னுடன் காவல் நிற்கும் பிள்ளைகளும் ஒரு குறையுமின்றி இருக்க வேண்டும் என்பதைத் தவிர இந்த வீட்டில் இப்போது வேறு பிரார்த்தனை கிடையாது.

உன் கடிதம் வந்து பத்தொன்பது நாள் ஆகிறது. போன்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள், லீவு ரத்து, அந்தப் பக்கத்து ஒலிபெருக்கியில் ஓநாய் ஊளையிடுகிறது, இந்தப் பக்கத்து ஒலிபெருக்கியில் நாம் பாட்டுப் போடுகிறோம் என்றெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் ஒரு வேலை வைத்திருந்தாய். முகாமில் நடக்கும் புதன்கிழமை வகுப்பில் 'நாடுகள் ஏன் பேசித் தீர்த்துக்கொள்ளாமல் போருக்குப் போகின்றன' என்று ஐந்து நிமிடம் பேச வேண்டும், அக்கா சர்வதேச அரசியல் படித்தவளாயிற்றே, நாலு வரி எழுதி அனுப்பு என்று. தாமதத்துக்கு மன்னித்துக்கொள். உன் முறை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போயிருப்பதாக அம்மா சொன்னாள், அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். கல்லூரி நோட்டைத் தேடி எடுத்துவிட்டேன். நாலு காரணங்கள், சிவப்பு மையில் அடிக்கோடு, ஓரத்தில் பேராசிரியர் போட்ட நட்சத்திரம். பார்த்து எழுத அரை மணி நேரம் ஆகாது. ஆனால் படித்தால், எழுதியவள் எவருடைய தலைக்கு மேலும் குடியிருந்ததில்லை என்று தெரிந்துவிடுகிறது. ஆகவே நோட்டை மூடிவிட்டு, நடந்ததை எழுதுகிறேன்.

எங்களுக்கு நேர் கீழே, ஒன்பதாவது மாடியில், பியொன் ஐயா என்று ஒருவர் தனியாக இருக்கிறார். ரயில்வேயில் முப்பத்தொரு வருடம், தண்டவாளத்தைச் சுத்தியலால் தட்டித் தட்டி, சத்தத்தை வைத்தே விரிசலைக் கண்டுபிடிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்தக் காதுக்கு மேலே நாலு வயதுக் குழந்தையைக் கடவுள் குடிவைத்திருக்கிறார். புத்தாண்டுக்கு மறுநாள் நாரே ஒரு மரக்கட்டையைக் கீழே போட்டாள். ஒரே ஒரு கட்டை. உடனே நிர்வாக அறையிலிருந்து மா என்பவர் இண்டர்காமில் கூப்பிட்டார். "கீழ் வீட்டுல கொஞ்சம் சங்கடப்படறாங்க, நாரே அம்மா. கொஞ்சந்தான்." நேரே போய்க் கதவைத் தட்டக் கூடாது, எதுவானாலும் நிர்வாக அறை வழியாகத்தான் என்பது இங்கே விதி, உனக்கே தெரியும். ஆகவே ஒரு பெட்டி பேரிக்காயை மா வழியாகவே அனுப்பினோம். பியொன் ஐயா என்ன சொன்னார் தெரியுமா? "தப்புப் பண்ணாதவங்க எதுக்குப் பழம் அனுப்பறாங்க?" பெட்டி திரும்பி வந்தது. நாரே மூன்று நாள் பேரிக்காயாகச் சாப்பிட்டு வயிறு கெட்டு, கழிப்பறைக்கு ஓடினாள். தடதடவென்று. அதற்கும் இண்டர்காம்.

சரி, சமாதானமாகப் போவோம் என்று நாலு விரல் தடிமனில் மெத்தை விரிப்பு வாங்கினோம். வீடு முழுக்க அளந்து, வெட்டி, சோபாவை இழுத்து, அலமாரியைத் தள்ளி, உன் அத்தான் முழங்காலில் தவழ்ந்து இரண்டு நாள் போட்டார். அந்த இரண்டு நாளும் கீழே இருந்தவருக்கு எப்படிக் கேட்டிருக்கும்? அவருக்குச் சத்தம் வரக் கூடாது என்பதற்காக நாங்கள் போட்ட சத்தம் அது. அவர் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறார், நேரம், இடம், சத்தத்தின் தன்மை எல்லாம் அதில் உண்டு. மா பார்த்திருக்கிறார். அந்த இரண்டு தேதிகளிலும் 'மேல் வீட்டார் புதிதாக ஏதோ தயார் செய்கிறார்கள்' என்று எழுதியிருந்ததாம். இதைக் கேட்டதும், கொசுவைக்கூட ஜன்னலைத் திறந்து வழியனுப்பும் உன் அத்தான் தானும் ஒரு குறிப்பேடு வாங்கிவந்தார்.

மார்ச்சில் நாங்கள் தேகுவுக்குப் போய் இரண்டு நாள் வீடு பூட்டிக் கிடந்தது. திரும்பி வந்தால் அந்த இரண்டு நாளுக்கும் சேர்த்துப் புகார்! "பாத்தியா, பொய் சொல்றாரு அந்த ஆளு" என்று உன் அத்தான் குறிப்பேட்டைத் தூக்கிக்கொண்டு குதித்தார், மெத்தையின் மேல்தான். அது தண்ணீர்க் குழாயோ, பக்கத்து வீடோ, யார் கண்டது. அவர் கேட்டது நிஜம், நாங்கள் இல்லாதிருந்ததும் நிஜம். நாங்கள் பொய் சொல்லவில்லை என்று எங்களுக்குத் தெரியும், அவருக்கு எப்படித் தெரியும்? இதைத்தான் பேராசிரியர் ஒரு முழு மாதம் நடத்தினார், தோக்யொம். கரும்பலகையில் அம்புக்குறியெல்லாம் போட்டார். அப்போது நான் பின்பெஞ்சில் சோளப்பொரி தின்றுகொண்டிருந்தேன்.

ஏப்ரலில் அவர் தன் வீட்டு உத்தரத்தில், எங்கள் தரையைப் பார்த்தபடி ஒலிபெருக்கி மாட்டினார். இதற்கென்றே கடையில் விற்கிறார்கள். மற்றவர்கள் அதில் பேய்ச் சிரிப்புப் போடுவார்களாம், இவர் ரயில் போட்டார். முப்பத்தாறு பெட்டி சரக்கு ரயில், சாயங்காலம் நாலு மணிக்கு, எங்கள் சோற்றுப்பானைக்கு அடியில் போகும். நாரே முதல் வாரம் தரையைப் பார்த்து டாட்டா காட்டினாள். இரண்டாவது வாரம் கட்டில் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். உன் அத்தான் உருட்டுக்கட்டையை எடுத்தார். "ஏங்க, வேணாம்" என்றேன். "நான் தட்டப் போறதில்ல, கையில வச்சிருக்கேன், அவ்வளவுதான்" என்றார். கையில் வைத்திருந்தால் தட்டாமல் இருக்க முடியுமா? மே மாதம் முழுவதும் தட்டினார்.

பிறகு சமாதானப் பேச்சு. நிர்வாக அறையில் மா நடுவில், இரு பக்கமும் நாங்கள். யார் முதலில் உட்காருவது என்பதில் கால் மணி போனது. 'ஓடுதல்' என்பதற்கும் 'வேகமாக நடத்தல்' என்பதற்கும் வித்தியாசம் என்ன என்பதில் ஒன்றரை மணி நேரம் போனது. "குதிகால் ரெண்டும் தரைய விட்டுக் கெளம்பினா அது ஓட்டம்" என்றார் பியொன் ஐயா. "அப்ப சைக்கிள் விட்டா?" என்றார் உன் அத்தான். "வீட்டுக்குள்ள சைக்கிளா! மா, எழுதிக்கோங்க, சைக்கிளாம்!" கடைசியில், தினமும் நாலிலிருந்து ஐந்து மணி வரை குழந்தை ஓடலாம், மற்ற நேரம் கூடாது என்று முத்திரை குத்திக் கையெழுத்திட்டோம். மறுநாள் சரியாக நாலுக்கு நாரேயைக் கூடத்தின் நடுவில் நிறுத்தி, "ஓடு கண்ணு" என்றேன். நகரவில்லை. "அம்மா, அந்தத் தாத்தா இப்பக் கேட்டுக்கிட்டு இருக்காரா?" என்றாள். உலகத்திலேயே நான் ஒருத்திதான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பிள்ளையை ஓடச் சொல்லிக் கெஞ்சியவள். ஐந்தாகிவிட்டது. ஓடவில்லை. அதன்பின் ஒருநாளும் ஓடவில்லை.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் எழுதுகிறேன். போன வாரம் பள்ளி ஆசிரியை கூப்பிட்டார். "நாரே அம்மா, வீட்ல ஏதாவது பூனை விளையாட்டு விளையாடறீங்களா? அவ குதிகாலத் தரையிலயே வைக்க மாட்டேங்கறா. மைதானத்து மணல்லகூட நுனிக்கால்லதான் நடக்கறா. மத்த பிள்ளைங்க ஓடினா, உஷ்ஷுங்கறா." போய்ப் பார்த்தேன். வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். திறந்த வானத்துக்குக் கீழே, கீழே யாருமே இல்லாத மண்ணில், என் பெண் நுனிக்காலில் நடந்துகொண்டிருந்தாள். டாக்டர், எலும்பில் ஒன்றுமில்லை, இப்படியே போனால் குதிகால் தசைநார் சுருங்கிவிடும் என்கிறார்.

அப்போதுதான் உன் கேள்விக்குப் பதில் தெரிந்தது. எங்களுக்கும் அவருக்கும் நடுவில் பதினெட்டுப் படிகள். எண்ணிப் பார்த்தேன். பத்து மாதத்தில் பேரிக்காய் இறங்கியிருக்கிறது, மா இறங்கியிருக்கிறார், புகாரும் முத்திரையும் ஏறி இறங்கியிருக்கின்றன. நாங்கள் ஒருவரும் இறங்கவில்லை, அவர் ஏறவில்லை. முதலில் போகிறவர் தப்புச் செய்தவர் ஆகிவிடுவாரே என்ற பயம். உங்கள் எல்லையிலும் அதே பயம்தான், படிகளுக்குப் பதிலாக வேலி. அந்த வேலியருகே இருபத்தொரு வயதில் நீ துப்பாக்கியோடு நிற்கிறாய். மறுபக்கம் நிற்கும் பிள்ளைக்கும் ஒரு அக்கா இருப்பாள், அவளுக்கும் நிம்மதி இருக்காது. இதை வகுப்பில் சொல். பேராசிரியரின் நாலு காரணமும் வேண்டாம். யாரும் படியிறங்கிப் போகவில்லை, அதனால்தான் போர் என்று சொல். இந்தக் கடிதத்தை முடித்ததும் நான் போகப் போகிறேன். பழம் இல்லாமல், மா இல்லாமல், உன் அத்தானுக்குச் சொல்லாமல். என் குழந்தையின் குதிகால் தரையில் பட வேண்டும், ஐயா, என்று மட்டும் கேட்பேன்.

கம்பளிக் காலுறை நாலு ஜோடி, இஞ்சி மிட்டாய் ஒரு டப்பா தனியே அனுப்புகிறேன். சார்ஜென்ட்டுக்கும் கொடு. ஓநாய் ஊளையிடும்போது காதில் பஞ்சு வைத்துக்கொள். நீ முழுசாகத் திரும்பி வந்து, இந்த வீட்டில் பூட்ஸோடு நடக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கும் அக்கா,
பொமி.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் போய்விட்டு வந்துவிட்டேன். கதவைத் திறந்தார். "உள்ள வாம்மா" என்றார். ஒலிபெருக்கியைக் கழற்றி, ஆணித் துளைகளை வெள்ளைச் சாந்தால் அடைத்திருந்தார். குதிகால் விஷயத்தைச் சொன்னேன். நிமிர்ந்து உத்தரத்தைப் பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஓடட்டும்மா. எந்நேரமும் ஓடட்டும். எனக்குப் பழகிக்கும்" என்றார். அழுதுகொண்டே ஏறினேன். ஒன்பதாவது படியில் நின்றுவிட்டேன். ஏன் இவ்வளவு சுலபமாக? பத்து மாதமாக விட்டுக்கொடுக்காத மனிதர் அரைமணி நேரத்தில்? உன் அத்தானிடம் சொன்னேன். "எழுத்துல வாங்கினியா?" என்றார். இல்லை. "மா சாட்சிக்கு இருந்தாரா?" இல்லை. "அப்ப ஏதோ பண்றாரு" என்றார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆகவே படி விஷயத்தை வகுப்பில் சொல்லாதே, நோட்டிலிருந்து நாலு காரணங்களையும் பார்த்து எழுதி வைத்திருக்கிறேன், அதைப் படித்துவிடு. அவர் மனதில் என்ன இருக்கிறது என்று தெரியும்வரை நாரேயிடம் எதுவும் சொல்வதாக இல்லை. கூடத்தில்தான் நடந்துகொண்டிருக்கிறாள். சத்தமே இல்லை.