தெருவுக்காக நான் ஆட்டிய தலை

கட்டுக் கட்டாகத் துணி கிடந்தாலும், வாங்க வருகிறவன் ஒரு சாண் வெட்டித்தான் பார்ப்பான். அந்தத் துண்டு தேறிவிட்டால் மொத்தச் சரக்கும் தேறிவிடும். கூலிக்குத் தறி ஓட்டி, சோமனூரில் சொந்தமாகத் தறிக்கொட்டகையே போட்டவன் நான். (படிப்பு அஞ்சாவது. அதற்கு மேல் என்னைத் தாங்குகிற சக்தி பள்ளிக்கூடத்துக்கு இல்லை.) அதிகாரியிடம் பேசப் பிரதிநிதியாகத் தெருவே என்னை அனுப்பியபோது, அந்த நல்ல சாண் துணி நான்தான் என்று மிதப்பில் போனேன்.

விஷயம் பஸ் ஸ்டாப். தெருமுனையில் இருந்ததைத் தொலைவுக்கு மாற்றப் பார்த்தார்கள். மாற்றினால் வேலைக்குப் போகிற பொம்பளைகள் அத்தனை பேரும் வெயிலில் நடக்க வேண்டும். என் சம்சாரம் சரசுவுக்கு மூட்டுவலி வேறு.

ஆர்.எஸ்.புரத்தில் வக்கீலாக இருக்கும் மருமகன் எச்சரித்தார். "மாமா, ஒருத்தருக்காக நின்னா அவங்க சொன்னதை மட்டுந்தானுங்க பேசோணும். நீங்களா எதுக்கும் ஒத்துக்காதீங்க."

"எனக்கே புத்திமதிங்களா மாப்ள?" என்றேன்.

ஆபீசில் ஏசி. (தறிச் சத்தத்திலேயே வாழ்ந்தவனுக்கு அமைதியே தாலாட்டு.) அதிகாரி மேப்பை விரித்தார். எங்கள் தெரு ஒரு கோடு. ஸ்டாப் ஒரு சிவப்புப் பொட்டு. பார்க்கப் பார்க்கக் கோடு பாவு நூலாக நீண்டது. தெருவே வெள்ளைத் துணியாகி வானத்தில் மிதந்தது. அதன்மேல் அந்தப் பொட்டு, மழைக்கு மண்ணில் வருகிற சிவப்புப் பட்டுப்பூச்சி மாதிரி மெல்ல ஊர்ந்து போனது. போகட்டும், என்ன அழகு! யாரோ வெகு தூரத்திலிருந்து ஏதோ கேட்டார்கள். என் தலை பஞ்சாக இறங்கி ஏறியது.

"ரொம்ப நன்றிங்க பெரியவரே!" கையைக் குலுக்கி எழுப்பினார் அதிகாரி.

"எப்படிங்க பேச்சு?" என்றாள் வீட்டில் சரசு.

"அசந்துட்டாங்க அம்மணி!"

ஸ்டாப் பலகையைப் பிடுங்கிய அன்று அதிகாரியிடம் ஓடினேன். "கேட்டதுக்கெல்லாம் தலையாட்டினீங்களே!" என்றார்.

திரும்பி வந்தால் வீட்டு வாசலில் தெருவே நின்றது. நடந்ததைச் சொன்னேன். சரசு கேட்டாள்: "ஏனுங்க, அசந்தது அவங்களா, நீங்களா?"

அன்றிலிருந்து காலையில் என் துணி டெம்போதான் பொம்பளைகளைப் புது ஸ்டாப்பில் இறக்குகிறது. ஓட்டுவது நான். ஸ்டியரிங்குக்கு முன்னால் சரசு ஒரு தலையாட்டி பொம்மை வைத்திருக்கிறாள். யார் ஏறினாலும் காட்டிச் சொல்வாள்:

"எங்கூட்டுக்காரரோட பிரதிநிதிங்க. இது தூங்கறதில்லீங்க."

குழியில் வண்டி இறங்கும்போதெல்லாம் அது சரி, சரி என்கிறது.