முதுகுவலிக்காரரின் நடனப் படம்

“சார், உங்களைத் தேடிக் கண்டுபிடிச்சுட்டேன். நேத்து நானும் நீங்க படம் போடுற அந்தத் தளத்துல சேர்ந்துட்டேன்” என்று கண்ணாடிக் கடை மேலாளர் கைபேசியை ஆட்டிக் காட்டினார். கண் பரிசோதகர் வாடிக்கையாளரின் கண்ணில் விட வேண்டிய சொட்டு மருந்தை மூக்கில் விட்டார்.

காரணம் இருந்தது. போன வாரம் “முதுகு பிடிச்சுக்கிச்சு, எழுந்திரிக்கவே முடியல” என்று லீவு சொல்லிவிட்டு, மனைவியோடு ஜோடி நடனப் போட்டிக்குப் போயிருந்தார். முதல் பரிசு வேறு கிடைத்துத் தொலைத்தது. அரங்கம் கைதட்ட, மனைவியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அவர் நிற்கும் படம் அவருடைய ப்ரொஃபைலில் ஜொலித்துக்கொண்டிருந்தது.

மேலாளரோ, “பொய் லீவு போடுறவங்களுக்கு நம்ம கடையில இடமில்ல” என்று வாய்க்கு வாய் சொல்கிறவர். போதாக்குறைக்கு, அந்த முதுகுக்காக மெத்தை வைத்த நாற்காலி ஒன்றும் வாங்கிப் போட்டிருந்தார்.

பரிசோதகர் மனைவிக்குப் போன் போட்டார்.

“அந்தப் படத்தை எடுத்துடட்டுமா?”

“எடுங்க. அப்படியே உங்க துணிமணியையும் எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க. பள்ளிக்கூடத்துல ஆறுதல் பரிசுகூட வாங்காதவ நான்.”

வேலையா, வீடா? படத்தை அழிக்க முடியாது, மறைக்கத்தான் வேண்டும்.

அது எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாத தளம். எங்கெங்கோ இருக்கும் ஆர்வலர்கள் சம்பளம் வாங்காமல் கட்டியது. அதை இயக்கும் நிரலை யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம், குறை சொல்லலாம், திருத்தலாம். பூட்டுகளுக்கும் அங்கே பஞ்சமில்லை. முதல் வேலையாக ப்ரொஃபைலையே பூட்டினார். இனி அவர் அனுமதித்தால்தான் புதியவர்கள் உள்ளே வர முடியும்.

“சார், பூட்டியிருக்கே. கதவைத் தட்டியிருக்கேன், திறங்க” என்றார் மேலாளர்.

“நெட் வரல சார்.”

“எனக்கு நல்லா வருது. ரெண்டு பேருக்கும் ஒரே வைஃபைதானே?”

சரி, படத்தை மட்டும் ‘குடும்பத்தாருக்கு’ என்று மாற்றிவிட்டு இவரை உள்ளே விடலாம் என்று நினைத்தார். மாற்றிய அடுத்த நொடி, அதை முன்பு பார்த்த அத்தனை பேருக்கும் ‘இவர் தன் படத்தை மாற்றியிருக்கிறார்’ என்று தளம் தண்டோரா போட்டது. படத்தையே மறந்துபோனவர்கள்கூட, என்ன ஏது என்று விசாரிக்கத் தொடங்கினார்கள்.

மேலாளர் மறுபடி வந்தார். “ஏதோ படத்தை மாத்தினீங்களாமே, ஒரு வாடிக்கையாளர் சொன்னார். என்ன படம் சார்? கூட்டம் நிறைய தெரியுமா?”

“மங்கலாத்தான் தெரியும்” என்று உளறிவிட்டு, சோதனை அறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டார் பரிசோதகர்.

தளத்தின் உதவிப் பக்கத்தைத் திறந்தார். லீவு, முதுகு, மேலாளர், மனைவியின் மிரட்டல் என்று ஒன்று விடாமல் கொட்டி, படத்தையும் இணைத்து அனுப்பினார். உடனே பதில் வந்தது: ‘நல்வரவு நண்பரே. இங்கே எல்லாவற்றையும் எல்லார் முன்னிலையிலும்தான் பேசுவோம். அதுவே நம் கொள்கை.’

பரிசோதகர் அவசரமாக, ‘ஐயோ, அழித்துவிடுங்கள்’ என்று எழுதினார்.

‘கவலை வேண்டாம். பலர் பிரதி எடுத்துப் பத்திரமாக வைத்திருக்கிறோம்.’

பிறகு கச்சேரி களைகட்டியது. ஒருவரிடம் மட்டும் மறைப்பது உரிமையா, கோழைத்தனமா என்று இருவர் மல்லுக்கட்டினார்கள். ஒருவர் முதுகுக்கு உடற்பயிற்சி சொன்னார். இன்னொருவர் முழுக் கதையையும் நாலு மொழியில் பெயர்த்துப் போட்டார். நேற்றுத்தான் தளத்தில் சேர்ந்த ‘ஜன்னல்’ என்ற புனைபெயர்க்காரர் மட்டும், ‘சீக்கிரம் மறைக்க வழி செய்யுங்கள், புண்ணியமாகப் போகும்’ என்று மூச்சுவிடாமல் கெஞ்சினார். நம்மைப் போல இன்னொரு பாவி இருக்கிறானே என்று பரிசோதகருக்கு நெஞ்சு நெகிழ்ந்தது.

மதியச் சாப்பாடு முடிவதற்குள் ‘ஒருவருக்கு மட்டும் திரை’ என்ற புது வசதி தயாராகிவிட்டது. அவர் சந்தோஷத்தில் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினார். சுற்றி முடித்துப் பார்த்தால், தளத்தின் முகப்பில் அறிவிப்பு: ‘கண்ணாடிக் கடை மேலாளரிடமிருந்து நடனப் படத்தை மறைக்க விரும்பிய நண்பருக்கு நன்றி.’ கீழே, உதாரணத்துக்கு அந்தப் படம்.

“சார், கொஞ்சம் ரூமுக்கு வாங்க” என்று மேலாளர் கூப்பிட்டார்.

போச்சு, எல்லாம் போச்சு. பரிசோதகர் உள்ளே நுழைந்ததுமே, “சார், பொய் சொல்லிட்டேன். முதுகு நல்லாத்தான் இருந்துச்சு” என்றார்.

மேலாளர் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். முகத்தில் கோபமே இல்லை.

“இருக்கட்டும் சார். மனுஷனுக்கு ஆசாபாசம் இருக்காதா? உங்க வேலைக்கு நான் பொறுப்பு. ஆனா அந்தப் படம் மட்டும் ஓனர் கண்ணுல படக் கூடாது. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. இப்படியொரு தங்கமான மனிதரையா ஏமாற்றினோம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு பரிசோதகர் வெளியே வந்தார். லென்ஸ் வெட்டும் பெண் கைபேசியோடு எதிரில் நின்றாள்.

“எவ்வளவு பெரிய மனசும்மா அவருக்கு” என்றார் அவளிடம்.

“அண்ணே, ஊரார் கண்ணையெல்லாம் சோதிக்கிறீங்களே, இந்தப் படத்தைப் பெருசாக்கிப் பாத்தீங்களா? உங்களுக்குப் பின்னாடி நாற்காலி மேல ஏறி விசில் அடிக்கிறது நம்ம மேனேஜர்தான். அன்னைக்கு ஓனர்கிட்ட குளிர்காய்ச்சல்னு சொல்லிட்டுப் போனார், கடையை நான் ஒருத்திதான் பாத்துக்கிட்டேன்.”