கால் அங்குலத் தகடு வளைத்த படலம்

வாழ்க செங்கோட்டையன்! திருச்செங்கோட்டில் பிறந்து, சூரமங்கலத்து ரயில் பாதையோர இரும்புப் பட்டறையில் மேஸ்திரியாய் முடிசூடி, கருமீசை இரண்டும் காதை எட்டிப் பார்க்க, தாளும் தொடாது பென்சிலும் தொடாது, எத்தகட்டை வளைக்க எத்தனை ஆள் பலம் வேண்டும் என்று கண்ணாலேயே நிறுத்துச் சொல்லும் மதிப்பீட்டு மன்னன் வாழ்க! அவன் மதிப்பு ஒருமுறையும் பிசகியதில்லை என்பது அவனே பல தடவை சொன்ன உண்மை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் ஆண்டுச் சித்திரை வெயிலில், ஆட்டையாம்பட்டி அரிசி மில்லின் பாய்லருக்கென்று வந்திறங்கியது அவன் பகை. கால் அங்குலக் கனம், கரிய மேனி, வணங்கா நெஞ்சு. அதுவரை மூன்று உருளைகளுக்கிடையே அவன் வளைத்து வென்றதெல்லாம் அரைக்கால் அங்குலத் தகடுகளே. அவற்றுக்கு உருளையைச் சுழற்றும் சக்கரத்தில் இரண்டு ஆள் போதும். ஆகவே பட்டறை அதிர முழங்கினான்: "கனம் ரெண்டு மடங்கு, ஆளும் ரெண்டு மடங்கு! நாலே ஆளு! அஞ்சாவது ஆள் கை பட்டா இந்த மீசை எனக்கில்லை!"

அந்தோ! கனம் இரட்டித்தால் பலம் நாலு மடங்கு கேட்கும் என்பது தகட்டுக்குத் தெரிந்திருந்தது; மேஸ்திரிக்குத் தெரியவில்லை.

சடையன் தலைமையில் நான்கு மாவீரர்கள் கச்சை வரிந்து, நரம்பு புடைக்க, பல் நறநறக்க, ஆளுயரச் சக்கரத்தின் மேல் பாய்ந்தனர். தகடு சற்றே குனிந்தது. குனிந்த வேகத்தில் சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ளி நிமிர்ந்தும் விட்டது. இப்படி மூன்று தடவை. மில்லுக்காரரின் மாட்டுவண்டி வாசலில் காத்திருந்தது. மேஸ்திரியைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பொய் சொல்வானேன், சந்தோஷமாகவும் இருந்தது.

அப்போது கரிக்கூடை சுமக்கும் குப்பாயி கூடையை இறக்கிவைத்து, உடன் சுமக்கும் மூன்று பெண்களோடு வந்து சக்கரத்தைப் பற்றினாள். சுழன்றது சக்கரம்! வளைந்தது தகடு! முனையோடு முனை சேர ஒரு சாணே பாக்கி இருக்கையில், மேஸ்திரி வெற்றி முரசறைந்தான்: "பாத்தீங்களா? நாலே ஆளு! பொம்பளைங்க ஆள் கணக்குல வராது!"

"ஏனுங்க மேஸ்திரி, நாங்க கணக்குல இல்லீங்களா?" என்றாள் குப்பாயி. "அப்பக் கையை எடுத்துக்கறமுங்க."

எடுத்துக்கொண்டார்கள். மாவீரர் நால்வரும் சக்கரத்தில் தொங்கியும் அது அசையவில்லை.

"எங்களையுஞ் சேத்து, எல்லாரு காதுலயும் உழுகறாப்பல எண்ணுங்க. அப்பத்தான் கை வெப்போம்."

எட்டுத் திக்கும் அடங்க உறுமிய அந்தக் குரல், வாசலில் நின்ற வண்டியையும் மூடாத ஒரு சாண் இடைவெளியையும் மாறி மாறிப் பார்த்து, மீசை நுனியைக் கடைசியாக ஒருமுறை தடவி, ஒருவர் பின் ஒருவராக விரல் நீட்டி, ஒன்று தொடங்கி எட்டு வரை எண்ணி முடித்தது. எட்டு ஆள் பலத்தில் முனையோடு முனை சேர்ந்தது.

சாயந்தரம் மேஸ்திரி மீசையை எடுத்துவிட்டார்.